தீரா நோயும் நீங்காத் துணையும்



பிழைக்கமாட்டார் என்று வைத்தியர் கைவிட்ட பிணியாளரிடத்தில் பௌத்தர்களாகிய நாம் ஆற்றவேண்டிய கடமை யாது என்பதே இன்றைய பாடம். "இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை, வீட்டிற்கு அழைத்துச் செல்லுங்கள்" என்னும் சொல்லைக் கேளாத குடும்பம் நம்முள் அரிது. அச்சொல் மெய்தானா என்று ஆராய்வோம்.

கல்கத்தா நகரின் தென்பால் டாக்குரியா என்றொரு பகுதி உண்டு. அங்குள்ள பேரேரி 1958 முதல் இரவீந்திர சரோவர் என வழங்கப்படுகிறது. அவ்வேரியை அடுத்து, ஜப்பானியப் பிக்குவாகிய நிச்சிதாட்சு பூஜி அவர்கள் 1935இல் நிறுவிய பௌத்த ஆலயம் இருக்கின்றது. அப்பகுதியில், அக்காலத்தில் ஆம்ரி எனப் பெயர் பெற்றிருந்த மருத்துவமனையில், 2011ஆம் ஆண்டு டிசம்பர் 9ஆம் நாள் விடியுமுன் நிலவறையில் தீப்பற்றிற்று. புகை மேல்மாடிகளெங்கும் பரவிற்று. எழுந்தோட இயலாத பிணியாளர் பலர் படுக்கையிலேயே மூச்சடைத்து மாண்டனர். இறந்தோர் ஏறத்தாழ 90 பேர். கேரள நாட்டினின்று பிழைப்பிற்கு வந்திருந்த இளஞ்செவிலியர் இருவர், பெண்கள் பகுதியிலிருந்து எட்டுப் பிணியாளரை வெளிக்கொணர்ந்து, எஞ்சியவர்க்காக மீண்டும் உட்புகுந்து, புகையிற் சிக்கி உயிர் நீத்தனர்.

இவர் நோய் தீருமா, தீராதா என்று எண்ணிப் பார்க்க அவ்விரவில் இடமில்லை. படுக்கையில் ஒருவர் கிடக்கின்றார், அவரை விட்டு அகலலாகாது என்பது ஒன்றே அவர்கள் முன் நின்ற கடமை. தீ ஒரே இரவில் விடுத்த வினாவைப் புற்றுநோயும், பக்கவாதமும், முதுமைத் தளர்ச்சியும் நம் வீடுகளில் மாதக்கணக்காக விடுக்கின்றன. விட்டு அகல்வோமா, உடனிருப்போமா?

இவ்வினாவிற்குப் பகவான் அளித்த விடை அங்குத்தர நிகாயத்தில் உளது. பிணியாளர் மூவகையினர் என்கின்றார். மருந்தும் தக்க உணவும் பணிவிடையும் கிடைப்பினும் கிடையாவிடினும் குணமடையாதவர் ஒருவகை. அவை கிடைப்பினும் கிடையாவிடினும் குணமடைபவர் மற்றொரு வகை. கிடைத்தால் மட்டும் குணமடைபவர் மூன்றாம் வகை. இம்மூன்றாமவரை முன்னிட்டே மருந்தும் பணிவிடையும் விதிக்கப்பட்டன. ஆயினும் அவர்பொருட்டு ஏனைய இருவரும் பேணப்படத் தக்கவரே என்பது பகவான் தீர்ப்பு. தீரா நோயினரை அவர் நீக்கவில்லை என்பதை ஊன்றி நோக்குக.

"அவன் முன்வினையை அவன் அனுபவிக்கிறான், நாம் ஏன் தடுக்கவேண்டும்?" என்று கூறுவோர் நம் தெருக்களிலும் உளர். முன்வினை என்னும் சொல்லால் நம் முன்னோரை ஊருக்கு வெளியே நிறுத்தியதை நாம் மறக்கவில்லை. அதே சொல்லைப் பிணியாளர் கட்டிலருகே நாமே மொழிவது தகுமோ? மோலிய சீவகர் என்னும் துறவி இதனை வினவியபோது, பித்தம், சிலேத்துமம், வாதம், இம்மூன்றின் கலப்பு, பருவ மாறுதல், ஒவ்வா நடை, பிறர் தாக்குதல், வினைப்பயன் என எட்டுக் காரணங்களைப் பகவான் எண்ணிக் காட்டினார். வினைப்பயன் எட்டில் ஒன்றே. துன்பமெல்லாம் முன்வினையே என்பது அறிந்ததையும் உலகம் கண்டதையும் மீறிய பேச்சென்று அவர் மறுத்தார். ஆகவே வலியால் துடிப்பவரைக் கண்டு வினை பேசுவது பௌத்தம் அன்று.

இனி, பேணுவோர்க்குரிய இலக்கணம் காண்போம். வயிற்றுக்கடுப்பால் தன் மலத்திலேயே கிடந்த பிக்கு ஒருவரை, ஆனந்தர் துணையுடன் பகவானே நீரூற்றிக் கழுவி, தலைப்பக்கம் தாமும் கால்பக்கம் ஆனந்தரும் தூக்கிக் கட்டிலிற் கிடத்திய வரலாறு விநயத்தில் காணப்படும். அவ்விடத்திலேயே நல்ல பணிவிடையாளர்க்கு ஐந்து தகுதிகள் கூறப்படுகின்றன. மருந்து கூட்ட அறிதல், ஒவ்வுவது கொடுத்து ஒவ்வாதது நீக்கல், ஊதியம் கருதாது அன்பு கருதிச் செய்தல், மலம் சிறுநீர் வாந்தி முதலியவற்றிற்கு அருவருக்காமை, உரிய வேளையில் அறவுரையால் நெஞ்சைத் தெளிவித்தல் என்பன அவை.

இவற்றுள் மருந்தறிவு முதலில் நிற்பதைக் கவனிக்க. டாக்குரியாவிற்குச் சிறிது தொலைவிலுள்ள காளிகட்டத்தில், 1952இல் அன்னை தெரசா தெருவோரத்தில் மரிப்பவர்க்கென ஓர் இல்லம் திறந்தார். யாரும் தொடாதவரைத் தொட்டெடுத்த அப்பணி போற்றத்தக்கது. ஆயினும் 1994இல் அங்குச் சென்று கண்ட லான்செட் என்னும் ஆங்கில மருத்துவ இதழின் ஆசிரியர், வலியை அடக்கும் வலுவான மருந்து அங்கில்லாத குறையை எடுத்தெழுதினார். இதனால் அறிவது, கருணை மட்டும் போதாது, அதனோடு பிரஞ்ஞையும் வேண்டும் என்பதாம்.

அப்பிரஞ்ஞைக்கு வழிகாட்டியவருள் ஒருவர் சிசிலி சாண்டர்ஸ் அம்மையார். செவிலியராகத் தொடங்கிப் பின்னர் மருத்துவரான இவர், 1967இல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர் இல்லத்தை நிறுவினார். வலி வந்தபின் மருந்து தேடாமல், வருமுன் காலந்தவறாது கொடுக்கவேண்டும் என்றும், உடல்வலியோடு மனவலியும் குடும்பக் கவலையும் சேர்ந்தே ஒருவரை வாட்டுகின்றன என்றும் அவர் கற்பித்தார். நம் நாட்டிலோ, 1985இல் வந்த போதைப்பொருள் சட்டத்தின் கடுமையால் மார்பின் மருந்து மருத்துவமனைகளிலும் அரிதாயிற்று. அபினி விளையும் தேசத்தில் புற்றுநோயாளர் மருந்தின்றிக் கதறினர். பலர் பல்லாண்டு முயன்றதன் பயனாக 2014இல் அச்சட்டம் திருத்தப்பட்டது.

பணம் படைத்தோர்க்கே இப்பணி இயலும் என்று எண்ணற்க. கோழிக்கோட்டில் 1993இல் மருத்துவர் இராஜகோபால், மருத்துவர் சுரேஷ்குமார் முதலியோர் தொடங்கிய சங்கம், பின்னர்க் கேரளமெங்கும் அண்டை அயலாரே பயிற்சி பெற்றுப் பிணியாளர் வீடு செல்லும் இயக்கமாக வளர்ந்தது. 2008இல் அவ்வரசு இதற்கெனக் கொள்கையே வகுத்தது. தமிழ்நாட்டில் 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்திலும் வீட்டிலேயே நோய்தணிப்புப் பணிவிடை அளிப்பது சேர்க்கப்பட்டுள்ளது.

இறுதியாக, நம்பிக்கை என்பது யாது? "நீர் பிழைத்துக்கொள்வீர்" என்று பொய்யுரைப்பதன்று. நகுலபிதா கடும்பிணியுற்றுக் கிடந்தபோது அவர் மனைவி நகுலமாதா, கவலையோடு உயிர் விடவேண்டாம் என்று தேற்றினாள். பஞ்சு நூற்கத் தனக்குத் தெரியும், பிள்ளைகளை வளர்த்து இல்லத்தைக் காக்கத் தன்னால் முடியும், சீலத்தினின்றும் தம்மத்தினின்றும் தான் வழுவப்போவதில்லை என்று ஒவ்வொரு கவலையாக எடுத்து அவிழ்த்தாள். அவர் பின்னர்க் குணமடைந்தார் என்கிறது நூல். ஆனால் குணமடைவீர் என்று அவ்வம்மை ஒரு சொல்லும் கூறவில்லை. பஞ்சாலையில் பல்லாண்டு நூலோடு உழன்ற நமக்கு இவ்விடம் நன்கு விளங்குகின்றது. பஞ்சுத்தூசியால் நெஞ்சு கெட்டுக் கிடந்த தொழிலாளரைப் பார்க்கச் சென்றபோதெல்லாம், "பிழைப்பேனா" என்பதைவிடப் "பிள்ளைகளுக்கு யார் சோறிடுவார், கடன் என்னாகும்" என்பதையே அவர்கள் மிகுதியும் கேட்கக் கண்டோம். அக்கேள்விகளுக்கு மெய்யான விடை தருவதே நம்பிக்கை தருவதாகும்.

ஆதலின் ஒவ்வொரு சங்கத்தாரும் இவற்றை மேற்கொள்வாராக. தம் பகுதியில் படுக்கையிற் கிடப்போர் யாவர் என அறிக. வாரம் ஒருமுறை இருவர் இருவராகச் சென்று காண்க. படுக்கைப்புண் வாராது புரட்டிக் கிடத்தவும் கழுவவும் அரசுச் செவிலியரிடம் கற்க. வலி மிகுந்தால், மார்பின் வேண்டுமா என்று மருத்துவரிடம் அஞ்சாது வினவுக. பேணும் மனைவிக்கோ மகளுக்கோ ஓர் இரவேனும் உறக்கம் கிடைக்கத் தாம் விழித்திருக்க. பிள்ளைகளின் பள்ளிச் செலவையும் வீட்டுக் கடனையும் பற்றிப் பிணியாளர் முன்னிலையிலேயே பேசி முடிவு சொல்க.

நம் சங்கத்திற்கு வித்திட்ட அயோத்திதாசப் பண்டிதர் சித்த மருத்துவர் என்பதை நாம் அறிவோம். நோயாளர் கட்டிலருகே அமர்தல் நமக்குப் புதிதன்று. "செய்வதற்கு ஒன்றுமில்லை" என்று இனி எவர் சொன்னாலும், அது நோயைப் பற்றிய சொல்லே அன்றி நோயாளரைப் பற்றிய சொல் அன்று என்று அறிந்து, அன்றே அவ்வீட்டிற்குச் செல்வோமாக.

நமோ புத்தாய.