காலி வண்டியும் கணவாய்க் காற்றும்

பாரம் ஏற்றிய லாரியை இரு கைகளாலும் பிடித்து ஜாக்கிரதையாக ஓட்டுகிற சாரதி, சரக்கை இறக்கியதும் கவலை நீங்கியவனாய் ஒற்றைக் கையில் ஸ்டியரிங்கை வைத்துக்கொண்டு பாட்டுக் கேட்டபடி விரைவது எங்கள் தொழிலில் சாதாரணமாகக் காணும் காட்சி. தூத்துக்குடித் துறைமுகத்திலிருந்து வெற்றுக் கண்டெய்னரை ஏற்றிக்கொண்டு கன்னியாகுமரி மாவட்டத்துக்குப் போவதும், அங்கே சரக்கு நிரப்பிக்கொண்டு திரும்புவதுமாக நெடுங்காலம் கழித்தவன் என்ற முறையில் நான் சொல்லக்கூடியது, தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் அபாயம் மிகுந்தது சுமையோடு திரும்பும் பிரயாணமன்று, வெறுமனே போகும் பிரயாணமே என்பதுதான்.

நாற்பதடிப் பெட்டி காலியாக இருக்கையில் நாலு டன் எடைகூட இராது. அதன் ஒரு பக்கத்தின் பரப்போ முப்பது சதுர மீட்டருக்குக் குறையாது. மணிக்கு 36 கி.மீ. வேகத்தில் வீசும் காற்று ஒரு சதுர மீட்டரில் ஏறக்குறைய 6 கிலோ எடைக்குச் சமமாக அழுத்துமென்றால், 72 கி.மீ. காற்று அழுத்துவது 12 கிலோ அன்று, 24 கிலோ. வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்காவது காற்றின் சுபாவம். அவ்விதம் ஏறக்குறைய முக்கால் டன் விசை, சாலையிலிருந்து ஆளுயரத்துக்கும் மேலே பெட்டியைத் தள்ளிக்கொண்டிருக்கிறது. பஞ்சு, கயிற்று நார், பிளாஸ்டிக் குடம் போன்றவற்றை உயரமாக அடுக்கித் தார்ப்பாய் கட்டிய வண்டியும் இந்த ஜாதியைச் சேர்ந்ததே.

வள்ளியூரிலிருந்து பணகுடி வழியாகக் காவல்கிணறு நோக்கி வருகையில், மேற்கே மலைத்தொடர் முடிந்து ஆரல்வாய்மொழிக் கணவாய் திறக்கும் இடத்தில், அதுவரை மறைந்திருந்த காற்று வலப்பக்கத்திலிருந்து திடீரென்று மோதும். கணவாய்க்குள் முப்பந்தல் பக்கம் திரும்பிவிட்டால் காற்று பெரும்பாலும் எதிரில் வருவதால் டீசல்தான் வீணாகுமேயன்றி வண்டி சாய்வதில்லை. தொல்லையெல்லாம் வடக்குத் தெற்காகச் செல்லும் பெருஞ்சாலையில்தான். அங்கே காற்றாலைகளைப் படிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும்: அவற்றின் முகம் எத்திசை நோக்கியிருக்கிறதோ அத்திசையிலிருந்தே காற்று வருகிறது. ஆனால் இறக்கைகள் நின்றிருப்பதைக் கண்டு காற்று ஓய்ந்ததென்று எண்ணலாகாது. மணிக்கு 90 கி.மீ. அளவுக்குக் காற்று மூண்டால் பெரும்பாலான காற்றாலைகள் தம்மைக் காத்துக்கொள்வதற்காகவே நின்றுவிடுகின்றன. மின்கம்பிகள் சீழ்க்கையடிக்கத் தொடங்கிப் பனையோலைகள் எல்லாம் ஒரே பக்கமாக ஒதுங்கினால், எனக்கு அது 40 கி.மீ.க்கு மேல் போகாதே என்னும் கட்டளை.

தெற்கு நோக்கிப் போகும்போது நிகழும் ஒரு விசேஷத்தைப் புதிய சாரதிகளுக்கு நான் தவறாமல் சொல்வதுண்டு. காற்று வலப்புறமிருந்து தள்ளுவதால் ஸ்டியரிங்கைச் சற்றே வலப்பக்கம் பிடித்தபடி ஓட்டுகிறோம். அந்த வேளையில் ஒரு பஸ் நம்மை முந்தும்பொழுது அது காற்றை மறைத்துக்கொள்ள, எதிர்ப்பின்றிப் போன நம் வண்டி பஸ்ஸை நோக்கியே சாயும். பஸ் கடந்த மறுகணம் நிறுத்திவைத்த காற்றெல்லாம் ஒருசேர அடித்து இடப்புற ஓரத்துக்குத் தள்ளும். ஆகவே கண்ணாடியில் பஸ் தெரிந்தவுடனே ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்து, அது விரைவாகப் போக வழிவிட்டு, ஸ்டியரிங்கைச் சிறிதளவே திருப்பி, பிரேக்கை மட்டும் திடீரென்று மிதிக்காமலிருக்க வேண்டும். பின்சக்கரங்களின் மேல் பாரமில்லாததால் அவை சட்டென்று இறுகிச் சறுக்கி, டிரெய்லர் முன்வண்டியின் மேல் மடங்கிவிடக்கூடும்.

புறப்படுமுன் பெட்டியின் நான்கு மூலைகளிலும் உள்ள லாக்குகளைக் கண்ணால் பார்த்தால் போதாது, கையால் அசைத்துப் பார்க்க வேண்டும். துருவேறிய பிடி திரும்பினதுபோல் தோன்றி, உள்ளே கொக்கி பாதியில் நிற்பதுண்டு. பெட்டி கவிழ்ந்தாலும் வண்டியாவது தப்பட்டுமென்று வேண்டுமென்றே பூட்டாமல் விடும் சாமர்த்தியசாலிகள் சிலரையும் கண்டிருக்கிறேன்; அது பக்கத்தில் மோட்டார் சைக்கிளில் போகிறவன் தலையில் விழும் சாமர்த்தியம். திறந்த லாரி காலியாகப் போனால் தார்ப்பாயையும் வளைவுக் கம்பிகளையும் கழற்றிக் கீழே கட்டிவிடுவது உத்தமம். காற்று ஊடே போய்விடும்.

வேகத்தைக் குறைப்பது திருத்திக்கொள்ள அவகாசம் தருமேயன்றி, நிற்கிற வண்டியையே புரட்டத்தக்க காற்றைத் தடுத்துவிடாது. பழைய பாம்பன் பாலத்தில் காற்று மணிக்கு 58 கி.மீ.யைத் தாண்டினால் ரயிலையே நிறுத்திவிடுவது வழக்கமாயிருந்தது. லாரிக்காரனுக்கோ சிவப்பு விளக்குக் காட்ட ஒருவருமில்லாமையால் தானே காட்டிக்கொள்ள வேண்டியிருக்கிறது. “காலி வண்டிதானப்பா, அழுத்தி ஓட்டிட்டு வந்திடேன்” என்று கைபேசியில் அவசரப்படுத்திய முதலாளி ஒருவருக்கு, “காலியா இருக்கதாலதான் அண்ணாச்சி நிப்பாட்டியிருக்கேன்” என்று பதில் சொல்லிவிட்டு, மாலையில் காற்றுத் தணியும்வரை பணகுடியில் டீக்கடையோரம் உட்கார்ந்திருந்தேன். அப்படி நிறுத்துகையில் மரத்தடியையும் விளம்பரப் பலகையையும் தவிர்த்து, வண்டியின் முகம் காற்றை நோக்கியிருக்குமாறு நிறுத்துவது நல்லது. கேபின் கதவைத் திறக்கும்போதும் பிடியை விடலாகாது, ஏனெனில் அதைப் பறித்துக்கொண்டு போய் அறைகிற காற்று விரலைப் பார்த்து விலகுவதில்லை.