நாற்காலி ஆடும்போது

ராஜபாளையத்துக்காரர் பூ.ச. குமாரசாமி ராஜா 1949 முதல் 1952 வரை சென்னை மாகாண முதல்வர். பதவியில் இருக்கும்போதே 1952 தேர்தலில் ஸ்ரீவில்லிபுத்தூர் தொகுதியில் தோற்றார். 1954-இல் ஒடிசா ஆளுநரானார். தன் வீட்டையே காந்தி கலைமன்றத்துக்குக் கொடுத்தவர். பதவி வேறு, தான் வேறு என்ற தெளிவு இல்லாதவருக்கு இப்படிக் கொடுக்கும் மனம் வராது.

அந்தத் தெளிவை வளர்த்துக்கொள்ள, மில் ஷிப்டோ, சங்கமோ, கோயில் கமிட்டியோ நடத்துபவர்களுக்குச் சில குறிப்புகள்:

● நெருக்கடியை உடம்புதான் முதலில் சொல்லும். தாடை இறுகும், குரல் ஏறும், எதிரில் இருப்பவரைப் பேச விடமாட்டோம். உங்களுக்கு எது என்று வீட்டில் கேளுங்கள். அவர்களுக்கு நன்றாகவே தெரியும்!

● பெரிய முடிவுக்கு முன், ‘நான் எதற்குப் பயப்படுகிறேன்?’ என்று ஒரு வரி எழுதுங்கள். தேதி போட்டு வையுங்கள். மாதம் ஒருமுறை புரட்டினால், ஒரே பயம் திரும்பத் திரும்ப வருவது தெரியும். பல ‘கொள்கை முடிவுகள்’ அந்தப் பயத்தில் பிறந்தவைதான்.

● கோபத்தில் வாட்ஸ்அப் குரல்பதிவு வேண்டாம்.

● ஆடிப்பூரத்தில் ஆண்டாள் கோயில் தேரை இழுக்க ஆயிரக்கணக்கானோர் இருந்தாலும் முட்டுக்கட்டை போடவும் ஆள் வேண்டும். உங்களிடம் ‘நிறுத்துங்க அண்ணாச்சி’ என்று சொல்லக்கூடியவர் யார்? அப்படி ஒருவரும் இல்லையென்றால், இந்த வாரமே ஒருவருக்கு அந்த உரிமையைக் கொடுங்கள்.