மலை ரயிலில் சாக்ஸ் பின்னப் போகிறவர்களுக்கு

மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி 46 கிலோமீட்டர்தான். மலை ரயில் அதை ஏற ஏறக்குறைய ஐந்து மணி நேரம் எடுத்துக்கொள்கிறது. புதிதாக ஊசி பிடித்திருக்கும் பிள்ளைகளே, கை பழகவும் கண் பழகவும் அந்த ஐந்து மணி நேரம் போதும்.

1. இருமுனையும் கூரான, 2.5 மில்லிமீட்டர் மூங்கில் ஊசிகள் ஐந்து வாங்குங்கள். வண்டி குலுங்கும்போது ஸ்டீல் ஊசி வழுக்கிக் கண்ணியை விட்டுவிடும்.

2. நூலில் முக்கால் பங்கு கம்பளியும் கால் பங்கு நைலானும் இருக்கட்டும். வெறும் கம்பளி குதிகாலில் சீக்கிரம் தேய்ந்துவிடும். ஒரு ஜோடிக்கு 100 கிராம்.

3. வீட்டிலேயே 64 கண்ணி ஏற்றி, மேல்விளிம்பை முடித்துவிட்டுக் கிளம்புங்கள். வண்டியில் பின்ன வேண்டியது கணுக்கால் வரைக்குமான குழாய்ப் பகுதி மட்டும். வழியில் 16 குகைகள் வரும். அந்த இருட்டிலும் விரல் தானாகப் பின்னும். குதிகால் திருப்புவது எண்ணிக்கை பிசகாமல் செய்ய வேண்டிய வேலை. அதை வீட்டுக்கு வந்து செய்யுங்கள்.

4. இனி நிறம். இதற்காகத்தான் உங்களை ஜன்னலோரம் உட்காரச் சொல்கிறேன். பச்சை என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடாதீர்கள். கொழுந்து பறித்து முடித்த தேயிலைச் சரிவு கரும்பச்சை. பறிக்கக் காத்திருக்கும் சரிவு இளம்பச்சை. நடுவே நிற்கும் சில்வர் ஓக் இலை காற்றில் புரண்டால் அடிப்பக்கம் வெள்ளியாகத் தெரியும். சோலைக்காட்டு மரங்களில் தளிர் செம்பு நிறத்தில் வரும். தூரத்து மலை எதுவானாலும் சாம்பல் கலந்த நீலம்தான்.

நிறத்தைப் பார்ப்பதோடு அதன் அளவையும் பாருங்கள். கண்ணைப் பாதி மூடிப் பார்த்தால் எது அதிகம், எது கொஞ்சம் என்பது தெரிந்துவிடும். சோலையில் கரும்பச்சை நிறைய, இளம்பச்சை கொஞ்சம், செம்பு அங்கங்கே ஒரு கீற்று. சாக்ஸிலும் அப்படியே பத்து வரிசை, இரண்டு வரிசை, ஒரு வரிசை. மூன்றையும் சமமாகப் போட்டால் நீங்கள் பார்த்த மலை அதில் இருக்காது. புதிதாகப் பின்னுகிறவர்கள் பெரும்பாலும் அப்படித்தான் போடுகிறார்கள்.

5. போனில் எடுத்த படத்தை வைத்து நூல் வாங்காதீர்கள். அதில் பச்சை மாறிவிடும். துண்டு நூல்களை ஓர் அட்டையில் சுற்றி எடுத்துப் போங்கள். ஹில்குரோவ் ஸ்டேஷனில் என்ஜின் தண்ணீர் பிடிக்க நிற்கும்போது இறங்கி, வெயிலில் இலையோடு வைத்து ஒப்பிடுங்கள். பை ஜிப்பை மூடிவிட்டு இறங்குங்கள், அங்கே குரங்குகள் உண்டு.

6. அடர் சிவப்பு நூல் வாங்கினால், பின்னுவதற்கு முன் அதை வெள்ளைத் துணியோடு நனைத்துச் சாயம் ஒட்டுகிறதா என்று பாருங்கள்.

7. முதல் சாக்ஸ் முடிந்த அன்றே இரண்டாவதற்குக் கண்ணி ஏற்றிவிடுங்கள். நாளை என்று தள்ளினால் கையின் இறுக்கம் மாறும், இரண்டும் ஒரே அளவில் வராது. பத்து வரிசையாவது பின்னிவிட்டுத் தூங்கப் போங்கள்.