தாமதமான புகையிரதமும் பயணியின் நட்டஈட்டு உரிமையும்

(க.பொ.த. சாதாரண தரம் – குடியுரிமைக் கல்வி. தமிழ்மொழி வினாத்தாளின் கடிதம் எழுதும் பகுதிக்கும் இப்பாடம் பயன்படும்.)

1. அறிமுகம்

பயணச்சீட்டு என்பது ஓர் ஒப்பந்தமாகும். பயணி பணம் செலுத்துகின்றார். சேவையை வழங்குவோர் அவரைக் குறித்த இடத்தில் கொண்டு சேர்க்க உடன்படுகின்றனர். புகையிரதம் மணிக்கணக்கில் தாமதித்தால், அல்லது ஓடாமலே விட்டால், பயணிக்கு என்ன கிடைக்க வேண்டும்?

“பணத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும்” என ஒரே வரியில் விடை எழுதும் மாணவர்கள் பலர். அது விடையின் ஒரு பகுதியே. முழு விடைக்கு வேறு இரண்டு வினாக்களைக் கேட்க வேண்டும். தாமதத்துக்குக் காரணம் யாது? அக்காரணத்தை யார் நிரூபிக்க வேண்டும்? இப்பாடம் முழுவதும் இவ்விரு வினாக்களைச் சுற்றியே அமைகின்றது.

2. அறிய வேண்டிய சொற்கள்

மீளளிப்பு – செலுத்திய கட்டணத்தை முழுமையாகவோ பகுதியாகவோ திருப்பிக் கொடுத்தல்.

நட்டஈடு – தாமதத்தினால் ஏற்பட்ட வேறு நட்டங்களை ஈடுசெய்தல். உதாரணம்: வாடகை வாகனத்துக்குக் கொடுத்த பணம், இழந்த நாட்கூலி.

கட்டுப்பாட்டுக்கு அப்பாற்பட்ட காரணம் – சேவை வழங்குவோர் எவ்வளவு கவனமாக இருந்தாலும் தடுக்க முடியாத காரணம். உதாரணம்: பெருவெள்ளம், சூறாவளி.

நிரூபிக்கும் பொறுப்பு – ஒரு விடயத்தைச் சான்றுடன் காட்ட வேண்டிய கடமை எத்தரப்பினருக்கு உரியது என்பது.

3. ஒரு வழக்கு: நான்கு மணித்தியாலத் தாமதம்

2016 ஜூன் 11 ஆம் திகதி இந்தியாவின் ஜம்மு நிலையத்துக்குக் காலை 8.10 மணிக்கு வரவேண்டிய அஜ்மீர் – ஜம்மு கடுகதிப் புகையிரதம் நண்பகல் 12 மணிக்கே வந்து சேர்ந்தது. அதில் ஒரு குடும்பத்தினர் பயணம் செய்தனர். அவர்கள் ஏற வேண்டிய ஸ்ரீநகர் விமானம் நண்பகல் 12 மணிக்குப் புறப்பட இருந்தது. விமானம் தவறியதால் வாடகை வாகனத்தில் ஸ்ரீநகர் சென்றனர். அதற்கு 15,000 ரூபா செலவாயிற்று.

அப்பயணி ராஜஸ்தான் மாநிலம் அல்வார் மாவட்ட நுகர்வோர் மன்றத்தில் முறைப்பாடு செய்தார். மன்றம் வாகனச் செலவுக்கு 15,000 ரூபாவும், வீணான முன்பதிவுச் செலவுக்கு 10,000 ரூபாவும், மன உளைச்சலுக்கும் வழக்குச் செலவுக்கும் தலா 5,000 ரூபாவும் வழங்கும்படி தீர்ப்பளித்தது. வடமேற்கு இரயில்வே மாநில ஆணையத்திலும் தேசிய ஆணையத்திலும் மேன்முறையீடு செய்து தோற்றது. இறுதியில் இந்திய உயர் நீதிமன்றத்துக்குச் சென்றது.

இரயில்வேயின் வாதம்: புகையிரதம் தாமதித்து ஓடுவதற்கு நட்டஈடு கொடுக்கும் பொறுப்பு எமக்கில்லை என்று எமது கட்டண விதிகளே (114, 115) கூறுகின்றன.

நீதிமன்றத்தின் முடிவு (2021 செப்டெம்பர் 6): ஒவ்வொரு பயணியின் நேரமும் பெறுமதியானது. தாமதம் தமது கட்டுப்பாட்டுக்கு அப்பாற்பட்ட காரணத்தால் ஏற்பட்டது என்பதை இரயில்வேயே விளக்கி நிரூபிக்க வேண்டும். இவ்வழக்கில் அவ்வாறான சான்று எதுவும் முன்வைக்கப்படவில்லை. ஆகவே நட்டஈடு கொடுக்க வேண்டும்.

கவனிக்க: நான்கு மணித்தியாலம் தாமதித்தது என்பதற்காக மாத்திரம் இரயில்வே தோற்கவில்லை. ஏன் தாமதித்தது என்று சொல்ல முடியாததனாலேயே தோற்றது. பயணியோ தமக்கு ஏற்பட்ட நட்டத்தைக் காட்டினார். ஆகவே, நட்டத்தைக் காட்டுவது பயணியின் பொறுப்பு. காரணத்தைக் காட்டுவது சேவை வழங்குவோரின் பொறுப்பு. இவ்வாக்கியத்தை மனனம் செய்து கொள்ளுங்கள்.

4. ஐரோப்பிய ஒன்றியத்தின் முறை

ஐரோப்பிய ஒன்றியத்தில் பயணி வழக்குக்குப் போகாமலே பெறக்கூடிய ஒரு தொகை சட்டத்திலேயே குறிக்கப்பட்டுள்ளது. இம்முறை 2009 டிசெம்பரில் நடைமுறைக்கு வந்தது.

• 60 முதல் 119 நிமிடம் வரை தாமதம் – கட்டணத்தில் 25 சதவீதம்
• 120 நிமிடமும் அதற்கு மேலும் – கட்டணத்தில் 50 சதவீதம்

2023 ஜூன் 7 முதல் நடைமுறையிலுள்ள புதிய ஒழுங்குவிதி கடும் வானிலை, பெரும் இயற்கை அனர்த்தம் போன்ற சில காரணங்களுக்கு விலக்கு அளிக்கின்றது. ஆனால் புகையிரத நிறுவனத்தின் சொந்த ஊழியர்களது வேலைநிறுத்தத்துக்கு விலக்கு இல்லை. தம் வீட்டுப் பிரச்சினையைப் பயணியின் தலையில் சுமத்தக்கூடாது என்பதே இதன் பொருள்.

5. எமது பாதையில் பொருத்திப் பார்ப்போம்

திருகோணமலைப் பாதை கல்லோயாச் சந்தியில் மட்டக்களப்புப் பாதையிலிருந்து பிரிந்து கந்தளாய், தம்பலகாமம், சீனன்குடா வழியாக நகரை அடைகின்றது. சந்தியில் புகையிரதம் மாறவேண்டிய பயணிக்கு, முதற் புகையிரதத்தின் அரை மணித்தியாலத் தாமதம் கூட அரை நாள் தாமதமாகலாம். இனி மூன்று சம்பவங்களைப் பார்ப்போம்.

(அ) 2018 ஓகஸ்ட் 8 ஆம் திகதி புகையிரதத் தொழிற்சங்கங்கள் திடீர் வேலைநிறுத்தத்தில் இறங்கின. கொழும்புக் கோட்டை நிலையத்தில் பயணிகள் வீடு திரும்ப வழியின்றி நின்றனர். அது உயர்தரப் பரீட்சை நடைபெற்ற காலம். இது நிறுவனத்தின் உள்ளிருந்து வந்த காரணம்.

(ஆ) 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி நாட்டின் பல புகையிரதப் பாதைகளைச் சேதப்படுத்தியது. இது வெளியிலிருந்து வந்த காரணம்.

(இ) 2025 பெப்ரவரி 20 ஆம் திகதி ஹபரணைப் பகுதியில் பயணிகள் புகையிரதம் ஒன்று யானைக் கூட்டத்துடன் மோதித் தடம் புரண்டது. ஆறு யானைகள் இறந்தன. இது எவ்வகை? யானை வருவதைத் திணைக்களம் தடுக்க முடியாது. ஆனால் யானைகள் கடக்கும் இடம் எது என்பது தெரிந்ததே. அங்கு வேகத்தைக் குறைக்க முடியும். எனவே “யானை” என்ற ஒரு சொல் முழு விளக்கமாகாது. என்ன வேகத்தில் சென்றது, என்ன முன்னேற்பாடு இருந்தது என்றும் கேட்க வேண்டும்.

6. இலங்கையில் பயணி செய்யக்கூடியவை

மேற்கூறிய இந்தியத் தீர்ப்பு இலங்கை நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது, வாதத்துக்குத் துணையாகலாம். இங்கு புகையிரத சேவையை ஓர் அரச திணைக்களமே நடத்துகின்றது. ஆகையால் அரச நிருவாகத்தைக் கேள்வி கேட்கும் வழிகள் அனைத்தும் பயணிக்கும் திறந்துள்ளன.

படி 1: பயணச்சீட்டை அல்லது பருவச்சீட்டின் பிரதியைப் பாதுகாத்தல். வரவேண்டிய நேரம், வந்த நேரம், செய்யப்பட்ட அறிவித்தல் ஆகியவற்றை அன்றே குறித்து வைத்தல். மாற்றுப் பயணச் செலவின் பற்றுச்சீட்டைப் பெறுதல்.

படி 2: நிலைய அதிபரிடமும், அவர் ஊடாகப் புகையிரதப் பொது முகாமையாளரிடமும் எழுத்து மூலம் முறையிடுதல்.

படி 3: 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டத்தின் கீழ், தாமதத்தின் காரணத்தைத் திணைக்களத்தின் தகவல் அலுவலரிடம் கோருதல். 14 வேலை நாட்களுக்குள் அவர் முடிவை அறிவிக்க வேண்டும். எதற்காகத் தகவல் கேட்கின்றீர் என்று விளக்க வேண்டியதில்லை.

படி 4: நிருவாக அநீதி நேர்ந்திருப்பின் குறைகேள் அதிகாரியிடம் முறையிடுதல்.

படி 5: அடிப்படை உரிமை மீறப்பட்டிருப்பின் அரசியலமைப்பின் 126 ஆம் உறுப்புரையின் கீழ் ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்துக்கு விண்ணப்பித்தல். அல்லது இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறையிடுதல்.

கவனிக்க: புகையிரதம் பிந்தியது என்பது மாத்திரம் அடிப்படை உரிமை மீறலாகாது. சட்டத்தின் முன் சமத்துவம் (12 ஆம் உறுப்புரை) போன்ற ஓர் உரிமை மீறப்பட்டமையைக் காட்ட வேண்டும். எல்லா வினாவுக்கும் “126” என எழுதிப் புள்ளிகளை இழக்காதீர்கள். படி 3 தான் பலரும் மறந்துவிடும் படி. காரணம் எழுத்தில் கைக்கு வந்த பின்னரே கோரிக்கைக்குப் பலம் பிறக்கும்.

7. மாதிரிக் கடிதம்

(கந்தளாயிலிருந்து திருகோணமலைத் துறைமுகப் பகுதிக்கு நாட்கூலி வேலைக்குச் செல்லும் ஒருவர் எழுதுவதாகக் கற்பனை செய்யப்பட்டது.)

புகையிரதப் பொது முகாமையாளர்,
இலங்கைப் புகையிரதத் திணைக்களம்,
கொழும்பு 10.

நிலைய அதிபர், கந்தளாய் ஊடாக.

ஐயா,

புகையிரத சேவை இரத்துச் செய்யப்பட்டமை தொடர்பாக

நான் ........ ஆம் திகதி காலை திருகோணமலை செல்வதற்காகக் கந்தளாய் நிலையத்தில் பயணச்சீட்டுப் பெற்றேன். ........ மணிக்கு வரவேண்டிய புகையிரதம் இரண்டு மணித்தியாலம் கழித்தே இரத்துச் செய்யப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. முன்னரே அறிவித்திருந்தால் பேருந்தில் சென்றிருப்பேன். பிந்தியதால் அன்றைய வேலை எனக்குக் கிடைக்கவில்லை.

எனவே, (1) சேவை இரத்தானதற்கும் அறிவித்தல் பிந்தியதற்குமான காரணத்தை எழுத்தில் அறியத்தருமாறும், (2) பயணக் கட்டணத்தை மீளளிக்குமாறும், (3) இழந்த நாட்கூலி ரூபா ........ ஐ நட்டஈடாக வழங்குவது பற்றிப் பரிசீலிக்குமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கின்றேன். பயணச்சீட்டின் பிரதியும் வேலை வழங்குநரின் கடிதமும் இணைக்கப்பட்டுள்ளன.

இங்ஙனம்,
உண்மையுள்ள,
........................

விளக்கம்: இக்கடிதத்தில் வசை எதுவும் இல்லை. நடந்தது, நட்டம், கோரிக்கை, சான்று ஆகிய நான்கும் வரிசையாக உள்ளன. கோபத்தை எழுதினால் வாசிப்பவர் கோபத்துக்குப் பதில் எழுதுவார். கணக்கை எழுதினால் கணக்குக்குப் பதில் எழுத வேண்டி வரும்.

8. பயிற்சி வினாக்கள்

1. மீளளிப்புக்கும் நட்டஈட்டுக்கும் இடையிலான வேறுபாட்டை உதாரணத்துடன் விளக்குக.
விடைக் குறிப்பு: முன்னது செலுத்திய கட்டணம் பற்றியது, பின்னது அதற்கு மேலான நட்டம் பற்றியது. ஜம்மு வழக்கின் வாகனச் செலவு பின்னதற்கு உதாரணம்.

2. 2021 ஆம் ஆண்டின் இந்திய உயர் நீதிமன்றத் தீர்ப்பில் இரயில்வே தோல்வியுற்றமைக்கான காரணம் யாது?
விடைக் குறிப்பு: தாமதத்தின் காரணத்தைச் சான்றுடன் விளக்காமை.

3. தாமதத்தின் காரணத்தை அறிந்துகொள்ள இலங்கைப் பிரஜைக்கு உதவும் சட்டம் எது? முடிவை அறிவிக்க வேண்டிய கால எல்லை யாது?
விடைக் குறிப்பு: தகவலுக்கான உரிமைச் சட்டம், 14 வேலை நாட்கள்.

4. “யானை மோதியதால் தாமதம், எனவே எமக்குப் பொறுப்பில்லை” எனத் திணைக்களம் பதில் எழுதியதாகக் கொள்க. பயணி அடுத்துக் கேட்க வேண்டிய இரண்டு வினாக்களை எழுதுக.
விடைக் குறிப்பு: பகுதி 5 (இ) ஐ மீண்டும் வாசிக்கவும். இவ்வினாவுக்கு உங்கள் சொந்த வசனத்தில் விடை எழுதிப் பழகுங்கள்.