நானுஓயாவில் முதல் மலைநடை

நானுஓயாவுக்கு ரயில் வந்தது 1885இல். ரயிலில் நுவரெலியா போகிறவர்கள் இன்றும் இங்கேதான் இறங்கி வேன் பிடிக்கிறார்கள். வேனில் ஏறாமல் தேயிலை மலைகளுக்குள் நடக்க விரும்பும் புதியவர்களுக்கு இந்தக் குறிப்பு. இந்த மலைகள் ஆயிரக்கணக்கானோர் தினமும் வேலை செய்யும் இடம். அதை மனதில் வைத்தால் பாதி ஆபத்து குறையும்.

செய்ய வேண்டியவை

• முதல் நடைக்குத் தோட்டப் பாதையே போதும். கிரேட் வெஸ்டர்ன் மலை ரயிலிலிருந்து பார்க்க எட்டிப் பிடிக்கலாம் போலிருக்கும். அதன் உச்சி 2,200 மீற்றரை ஒட்டியது, ஏற்றமும் செங்குத்து. அதை அடுத்தடுத்த தடவைகளுக்கு வையுங்கள். ஹந்தானையில் தொடங்கி நுவரெலியாவில் முடியும் பீக்கோ பாதை, வெள்ளைக்காரர் காலத்துத் தேயிலைப் பாதைகளை இணைத்த 300 கிலோமீற்றர் வழி. 22 கட்டங்கள் கொண்ட அதில் ஒரு சிறு துண்டை நடந்தாலும் நல்ல பயிற்சி.

• மலையில் நிற்கும் கங்காணியிடமோ வாச்சரிடமோ பேசுங்கள். கேட்க வேண்டியவை இரண்டு: இன்று எந்த மலையில் மருந்தடித்திருக்கிறார்கள்? குளவி எங்கே கூடு கட்டியிருக்கிறது? கைபேசி வரைபடத்தில் இந்த இரண்டுக்கும் பதில் கிடையாது. தோட்டத்துக்குள் நுழைய அனுமதி வேண்டுமா என்பதையும் அவர்களே சொல்வார்கள்.

• விடியலிலேயே புறப்பட்டு, நண்பகலில் எங்கே நின்றாலும் திரும்புங்கள். மதியத்துக்குப் பிறகு மூடுபனி இறங்கினால் பத்தடிக்கு அப்பால் பாதை தெரியாது. மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேர இடி மின்னல் சாதாரணம்.

• ஸ்வெட்டர், மழைக்கோட்டு இரண்டும் வேண்டும். ஜனவரி, பெப்ரவரி விடியலில் துகள் உறைபனி படியலாம். பத்து மணிக்கே வெயில் சுடும். பிடிப்புள்ள சப்பாத்து, நீளக் காலுறை, டோர்ச், ரொட்டியும் சம்பலும்.

• தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையை முதல்நாள் இரவே பாருங்கள். மஞ்சள் நிறமே பயணத்தைத் தள்ளிப்போடப் போதுமான காரணம். 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயல், மலையகச் சரிவுகள் எப்படிப் பெயர்ந்து வரும் என்பதைக் காட்டிவிட்டது. ரயில் ஓடுகிறதா என்பதையும் விசாரியுங்கள்.

செய்யக்கூடாதவை

• குளவிக் கூட்டின் பக்கம் கல்லெறியாதீர்கள், புகை பிடிக்காதீர்கள், வாசனைத் திரவியம் பூசி வராதீர்கள். கொழுந்து பறிக்கும் பெண்கள் குளவிக் கொட்டால் உயிரிழந்த செய்திகள் மலையகத்தில் புதிதல்ல. நீங்கள் கலைத்துவிட்ட கூட்டம் பக்கத்து மலையில் கூடையோடு நிற்பவரைத்தான் கொட்டும். துரத்தினால் கையை வீசாமல் முகத்தை மூடிக்கொண்டு ஓடுங்கள். பல இடங்களில் கொட்டியிருந்தால் 1990 இலக்கத்துக்கு அழையுங்கள். அந்த அம்பியூலன்ஸ் இலவசம்.

• அட்டையைப் பிடித்து இழுக்காதீர்கள். நகத்தால் ஓரத்திலிருந்து தள்ளினால் விட்டுவிடும்.

• தண்டவாளத்தில் நடக்காதீர்கள். வளைவில் ரயில் வருவது கடைசி நொடியில்தான் தெரியும்.

• பிதுருதலாகலையின் உச்சிக்கு நடக்கத் திட்டமிடாதீர்கள். 2,524 மீற்றர் உயரமுள்ள அது நாட்டின் மிக உயர்ந்த மலை, பாதுகாப்பு வலயம்.

• கேட்காமல் படமெடுக்காதீர்கள். கொழுந்து எடுப்பவருக்கு நிறுவைக்கு முன் கிலோக் கணக்கு முடிய வேண்டும். உங்கள் படத்துக்காக அவர் நின்றால் கூலியில் குறைவது அவருக்கு. லயன் வாசலும் காம்பராவும் ஒரு குடும்பத்தின் வீடு. பிள்ளைகளுக்கு இனிப்போ காசோ நீட்டிப் பழக்கப்படுத்தாதீர்கள்.

• பீலியில் சவர்க்காரம் போட்டுக் கால் கழுவாதீர்கள். கீழே உள்ள லயனில் அதே தண்ணீரைத்தான் பிடித்துக் குடிக்கிறார்கள்.