செவிப்புலன் குன்றிய குழந்தையும் பேச்சுப் பயிற்சியும்

மூன்று வயதாகியும் குழந்தை பேசவில்லையென்று பெற்றோர் அங்கன்வாடியிலோ பள்ளியிலோ வந்து முறையிடும்போது, உடன் வந்த முதியவர் ஒருவர், "இவன் தகப்பனும் நாலு வயசிலேதான் வாய் திறந்தான்" என்று ஆறுதல் கூறுவது வழக்கம். அன்பினால் கூறப்படும் அச்சொல்லால் ஓராண்டு கழிந்துவிடுகிறது. அடுத்த ஆண்டு குலதெய்வத்திற்கு நேர்ந்துகொள்வதில் கழிகிறது. நாக்கின் அடியிலுள்ள சவ்வைக் கத்தரித்தால் பேச்சு வந்துவிடுமென்று நம்பி அதனைச் செய்விப்பவரும் உளர். ஈற்றில் ஐந்தாம் வயதில் காதைச் சோதிக்கும்போது, பிறவியிலிருந்தே செவிப்புலன் குன்றியிருந்தது தெரியவருகிறது. நாவிலும் தொண்டையிலும் யாதொரு குறையும் இல்லை. 'ஊமை' என்று ஊரார் இட்ட பெயர் முற்றிலும் பிழையானது. கேளாத சொல்லைக் குழந்தை எவ்வாறு கூறும்?

ஆயிரம் குழந்தைகளில் ஒன்று முதல் மூன்று வரை நிலையான செவிக்குறையுடன் பிறக்கின்றன என்பது பல நாடுகளில் கண்ட கணக்கு. குறைமாதப் பிறப்பு, கடுமையான மஞ்சட்காமாலை, கருவுற்ற தாய்க்கு வரும் ருபெல்லா முதலிய தொற்றுகள், பரம்பரை ஆகியன காரணங்களுட் சில. காரணத்தை ஆராய்வது மருத்துவர் பணி. களப்பணியாளரும் ஆசிரியரும் கருத வேண்டியது காலத்தைப் பற்றியே.

குறை நெடுநாள் புலப்படாமைக்குத் தக்க ஏது உண்டு. செவிப்புலன் அற்ற குழந்தையும் முதற்சில மாதங்களில் மற்றக் குழந்தைகளைப் போலவே சிரிக்கிறது. 'ங்கா', 'ஊ' என ஒலி எழுப்புகிறது. தாய் ஐயுறுவதற்கு இடமில்லை. வேறுபாடு பின்னரே தோன்றுகிறது. கேட்கும் குழந்தை ஏறத்தாழப் பத்து மாதத்திற்குள் 'பபபா', 'மமமா' என்று அசைகளை அடுக்கத் தொடங்கும். கடுமையான செவிக்குறையுள்ள குழந்தைகள் இந்நிலையை அடைவதில் பிந்துகின்றனர் என்பதை அமெரிக்க ஆராய்ச்சியாளர்களான ஆலர், ஐலர்ஸ் ஆகியோர் 1988-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு காட்டிற்று.

வீட்டார் செய்யும் சோதனையும் ஏமாற்றிவிடும். குழந்தையின் பின்னே நின்று கைதட்டினால் காற்றின் அசைவையும் நிழலையும் அது உணரும். தட்டைத் தரையில் போட்டால் அதிர்வு உடலில் தெரியும். மேலும், தாழ்ந்த சுருதியுள்ள ஒலிகள் கேட்டு, உயர்ந்த சுருதியுள்ளவை கேளாத குழந்தைகள் பலர். கதவு அறையப்படும்போது திரும்பிப் பார்க்கும் குழந்தைக்கு 'ஸ்', 'ஷ்' என்னும் ஒலிகள் ஒருபோதும் எட்டாமலிருக்கலாம்.

கேட்டல் என்பது காதோடு முடிவதன்று. காது அனுப்பும் செய்தியைப் பொருளாக்குவது மூளை. அதற்கு மூளை பழக வேண்டும். பிறந்து மூன்று நாட்களுக்குட்பட்ட குழந்தைகளே தாயின் குரலை வேறு பெண்ணின் குரலினின்று பிரித்தறிகின்றன என்று டிகாஸ்பர், ஃபைஃபர் ஆகியோர் 1980-இல் கண்டனர். செவி மூடிய குழந்தைக்கு இப்பழக்கம் தொடங்குவதே இல்லை. உட்செவியில் மின்முனைகளைப் பொருத்தும் காக்ளியர் கருவியைப் பெற்ற பிறவிச் செவிக்குறைக் குழந்தைகளின் மூளையில் எழும் மின்னலைகளை அனு சர்மா முதலானோர் அளந்து, 2002-இல் முடிவை வெளியிட்டனர். மூன்றரை வயதிற்குள் கருவி பெற்றோரின் அலைகள் பெரும்பாலும் வயதிற்கேற்றவாறு அமைந்தன. ஏழு வயதிற்குப் பின் பெற்றோரிடம் அவ்வாறு அமையவில்லை. இதற்கு முன்னரே, 1998-இல், கொலராடோ மாநிலத்தில் 150 குழந்தைகளை ஆராய்ந்த யோஷினாகா இடானோ குழுவினர், ஆறு மாதத்திற்குள் குறை கண்டறியப்பட்டு உதவி பெற்றோர் மொழித்திறனில் மற்றவரினும் சிறந்திருந்ததை அறிவித்தனர். செவிக்குறை மிதமாயினும் கடுமையாயினும் இவ்வேறுபாடு காணப்பட்டது.

ஆகவே ஒரு மாதத்திற்குள் முதற்சோதனை, மூன்று மாதத்திற்குள் குறையின் அளவை உறுதிசெய்தல், ஆறு மாதத்திற்குள் கருவியும் பயிற்சியும் என்னும் ஒழுங்கு உலகெங்கும் ஏற்கப்பட்டுள்ளது. முதற்சோதனை எளியது. காதில் சிறு குமிழைச் செருகி மெல்லிய ஒலியைச் செலுத்தினால், நலமுள்ள உட்செவி மிக நுண்ணிய ஒலியொன்றைத் திருப்பி அனுப்பும். இவ்வுண்மையை இங்கிலாந்தில் டேவிட் கெம்ப் 1978-இல் வெளிப்படுத்தினார். ஓ.ஏ.ஈ. என்று வழங்கும் இச்சோதனைக்குச் சில நிமிடங்கள் போதும். உறங்கும் குழந்தைக்கே செய்யலாம். செவிநரம்பின் வினையை அளக்கும் பெரா சோதனை அடுத்தது. தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த குழந்தைக்கு முதற்சோதனை மட்டும் போதாது. உட்செவி நன்றாயிருந்து நரம்பின் வினை பிழைபடுதலும் உண்டு.

பிறந்த சில நாட்களில் காதினுள் தங்கும் நீர்மத்தாலும் முதற்சோதனை தவறலாம். அதனால்தான் மறுசோதனைக்கு அழைக்கின்றனர். குழந்தைகள் கைநழுவிப் போவது பெரும்பாலும் இவ்விடத்தில்தான்: தாய் பிறந்தகம் சென்றிருப்பாள், சீட்டு எங்கோ கிடக்கும். 2013-இல் தொடங்கிய ராஷ்டிரிய பால ஸ்வாஸ்த்ய காரியக்ரம் என்னும் திட்டத்தில் பிறவிச் செவிக்குறையும் சேர்க்கப்பட்டுள்ளது. வீடு தேடிச் செல்லும் ஊழியர் மறுசோதனை நாளைக் குறித்துக்கொண்டு, மாவட்ட இடையீட்டு மையத்திற்குக் குழந்தை சென்றதா என்று கேட்பது இத்திட்டத்தின் உயிர்நாடி. மூளையுறை அழற்சி கண்டு பிழைத்த குழந்தையாயின் ஒருநாளும் தாமதித்தல் ஆகாது. உட்செவிச் சுருளில் எலும்பு வளர்ந்து, பின்னர்க் காக்ளியர் கருவி பொருத்தவும் இயலாமற் போகக்கூடும்.

கருவி கிடைத்ததும் வீட்டில் பெருமகிழ்ச்சி உண்டாகும். சின்னாட்களில் அது பெட்டிக்குள் போய்விடும். குழந்தை பிடுங்கி எறிகிறது, கீச்சென்று கத்துகிறது, உறவினர் கேலி செய்கின்றனர் எனக் காரணங்கள் பல. கீச்சொலி எழுவது பெரும்பாலும் காதின் அளவுக்கு வார்த்த அச்சு தளர்ந்துபோனதால். குழந்தையின் காது விரைந்து வளர்வதால், முதலாண்டில் சில மாதங்களுக்கு ஒருமுறை புது அச்சு வார்க்க வேண்டியிருக்கும். நம் நாட்டு வெப்பத்தில் வியர்வையே கருவிக்குப் பெரும்பகை. இரவில் ஈரமுறிஞ்சும் மணிகள் இட்ட மூடிய டப்பாவில் வைத்தல் நலம். பொத்தான் போன்ற மின்கலத்தைக் குழந்தை விழுங்கிவிட்டால் உயிருக்கே ஆபத்து. அக்கணமே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். குளிக்கும் நேரமும் உறங்கும் நேரமும் நீங்கலாக நாள் முழுவதும் கருவி காதில் இருத்தல் வேண்டும். நாளொன்றுக்கு இரண்டு மணிநேரம் அணியும் குழந்தை, எஞ்சிய நேரமெல்லாம் கேளாத குழந்தையே.

கருவி ஒலியைத் தருமேயன்றி மொழியைத் தராது. மொழியைத் தருபவர் தாயும் தந்தையும் பாட்டியும் ஆவர். பேச்சுப் பயிற்சியாளர் வாரத்தில் ஒருமணி நேரம் குழந்தையோடு இருப்பார். வீட்டார் நாள்தோறும் உடனிருப்பர். எனவே நற்பயிற்சி என்பது பெரிதும் வீட்டாரைப் பயிற்றுவதே.

சமையலறையில் தாய் வேலை செய்கையில் குழந்தை அருகில் இருக்கட்டும். காதிலிருந்து ஒரு முழத் தொலைவில், இயல்பான குரலில் பேச வேண்டும். திறந்த வெளியில் தொலைவு பாதியானால் ஒலி 6 டெசிபெல் கூடும். கத்துவதைவிடக் கிட்டே வருதல் மேல். கத்தினால் சொல்லின் உருவமும் சிதையும். தொலைக்காட்சியும் மிக்ஸியும் அவ்வேளையில் ஓயட்டும். டம்ளரை எடுத்துக் காட்டுமுன், "தண்ணி வேணுமா? தண்ணி குடிக்கலாமா?" என்று கேட்டுச் சற்றே நிறுத்த வேண்டும். குழந்தை நிமிர்ந்து பார்த்தபின் டம்ளரைக் காட்டி, மீண்டும் "தண்ணி" என்று கூற வேண்டும். காதுக்கு முதலில், கண்ணுக்குப் பிறகு, மறுபடியும் காதுக்கு என்பதே இதன் முறை. பொருளை முதலிற் காட்டிவிட்டால் குழந்தை கண்ணாலேயே அறிந்துகொள்ளும். கேட்பதற்குத் தேவை எழாது. அந்த நிறுத்தத்தில் குழந்தை 'த' என்று முனகினாலும் அது பேச்சேயாகும், "ஆமா, தண்ணி! சில்லுனு தண்ணி!" என்று தாய் அதனை விரித்துக் கூறலாம். "சொல்லு, சொல்லு" என்று வற்புறுத்துவதால் பயனில்லை. அதனால் குழந்தை வாயடைத்துப் போவதே மிகுதி.

உதடு பார்த்தே மொழியை அறிந்துகொள்ளலாமென்று எண்ணுவோர், கண்ணாடி முன் நின்று 'பாடு', 'மாடு' என்று ஓசையின்றிச் சொல்லிப் பார்க்கட்டும். உதட்டில் இரண்டும் ஒன்றே. 'படம்', 'பாடம்' என்பவற்றின் வேறுபாடு பெரும்பாலும் ஒலியின் கால அளவில் உள்ளது; மிஞ்சிய செவிப்புலன் சிறிதேயாயினும், தக்க கருவியுடன் இதனைப் பல குழந்தைகள் பிடித்துக்கொள்வர்.

கருவி செவ்வனே வேலை செய்கிறதா என்பதை அறிய டேனியல் லிங் வகுத்த ஆறொலிச் சோதனை ஆசிரியருக்கும் தாய்க்கும் மிகவும் உதவும். ம், ஊ, ஆ, ஈ, ஷ், ஸ் என்னும் ஆறும் பேச்சொலிகளின் தாழ்ந்த சுருதி முதல் உயர்ந்த சுருதி வரை பரவியவை. காலையில் குழந்தையின் பின்னிருந்து, ஒழுங்கு மாற்றி, ஒவ்வொன்றாகக் கூற வேண்டும். கேட்டவுடன் ஒரு புளியங்கொட்டையைக் கிண்ணத்தில் இடும்படி பெரிய குழந்தையைப் பழக்கலாம். நேற்றுவரை கேட்ட 'ஸ்' இன்று கேட்கவில்லையாயின், மின்கலம், அச்சு, காது ஆகியவற்றை உடனே பார்க்க வேண்டும்.

முன்னேற்றத்தை அளக்கும்போது பிறந்த நாளிலிருந்து கணக்கிடுவது குழந்தைக்கு அநீதி. இரண்டு வயதில் கருவி அணிந்து மூன்று மாதமான குழந்தையின் கேட்கும் வயது மூன்று மாதமே. அதனிடம் உடனே சொற்களை எதிர்பார்ப்பது தகாது. குரலுக்குத் திரும்புகிறதா, பெயரை அறிகிறதா என்றே பார்க்க வேண்டும்.

கருவியும் பயிற்சியும் காலத்தே கிடைத்தும் பேச்சு வளராத குழந்தைகள் உண்டு. சைகைமொழி பேச்சைக் கெடுத்துவிடுமென்று அஞ்சி அதனை மறுத்தல் சரியன்று. இந்திய சைகைமொழி தனி இலக்கணமுடைய முழுமொழி. அதற்கென 2015-இல் புதுதில்லியில் ஒரு மத்திய நிறுவனமும் அமைந்தது. பேசும் மொழியோ சைகைமொழியோ, ஐந்து வயதுவரை எம்மொழியும் பெறாமல் வளர்தலே பெருங்கேடு.

தினக்கூலிக்குச் செல்லும் தாய்க்கு மாவட்டத் தலைநகருக்கு வாரந்தோறும் செல்வது ஒருநாட் கூலியை இழப்பதாகும். இதனை எண்ணாமல் "ஏன் வரவில்லை?" என்று கடிந்தால் அவள் அடுத்த முறையும் வரமாட்டாள். வீட்டுக்குச் செல்லும் ஊழியர் முதலில் நோக்க வேண்டியது, அந்நேரத்தில் கருவி குழந்தையின் காதில் இருக்கிறதா என்பது. இல்லையாயின் எங்கே இருக்கிறது, எதனால் கழற்றினார்கள் என்று கேட்டறிந்து, மின்கலமா, அச்சா, பாட்டியின் வருத்தமா என்பதைப் பதிவேட்டில் குறித்து மையத்திற்கு அறிவிக்க வேண்டும்.