எஜமான்கள் வாசிக்காத அதிகாரம்

வேத பாடம்: யாத். 3:7-10, 21:16, எபே. 6:5-9



அமெரிக்காவின் தென் மாநிலங்களில் அடிமைகளுக்கும் பிரசங்கம் இருந்தது. எந்த வசனம் தெரியுமா? பெரும்பாலும் எபேசியர் 6:5தான்! அதே அதிகாரத்தில் எஜமான்களுக்குச் சொல்லப்பட்ட 9-ம் வசனத்தைத் தொட்டவர்கள் குறைவு. யாத்திராகமம் என்றாலோ பயம்.

1. வாசித்த மனுஷன்

தென் கரோலினாவில் சார்ல்ஸ்டன் பட்டணம். அங்கே டென்மார்க் வீசி என்ற அடிமைக்கு 1799-ல் லாட்டரியில் 1,500 டாலர் விழுந்தது. 600 டாலர் கொடுத்துத் தன் விடுதலையை வாங்கினார். தச்சு வேலை செய்து பிழைத்தார். ஆனால் அவர் பிள்ளைகள்? அடிமைகளாகவே இருந்தார்கள். தான் தப்பினால் போதும் என்று எந்தத் தகப்பன் இருப்பான்?

கறுப்பின மக்களின் ஆப்பிரிக்க மெதடிஸ்ட் சபையில் சேர்ந்தார். வீட்டிலே வேத வகுப்பு நடத்தினார். இஸ்ரவேலர் எகிப்தை விட்டுப் புறப்பட்டதை வாசித்துக் காட்டினார் என்று பின்பு சாட்சிகள் சொன்னார்கள்.

2. பயந்த எஜமான்கள்

1822-ல், கிளர்ச்சிக்குத் திட்டமிட்டதாகக் காட்டிக்கொடுக்கப்பட்டார். வீசியோடு சேர்த்து 35 பேரைத் தூக்கில் போட்டார்கள். சபைக் கட்டடத்தையும் இடித்தார்கள்.

1831-ல் வர்ஜீனியாவில் நாட் டர்னர் என்ற அடிமைப் பிரசங்கியார் கலகம் செய்தார். வெள்ளையரில் சுமார் 55 பேர் செத்தார்கள். உடனே அங்கே கறுப்பர் பிரசங்கிக்கவே தடை வந்தது. 1834-ல் தென் கரோலினாவில், அடிமைக்கு எழுத்து சொல்லிக்கொடுப்பதே குற்றம் என்று சட்டம் போட்டார்கள். பார்த்தீர்களா? துப்பாக்கி வைத்திருந்தவர்கள் வாசிப்புக்குப் பயந்தார்கள்!

3. நமக்கு வரும் கேள்வி

டர்னரின் கலகத்தில் குழந்தைகளும் செத்தார்கள். அதை நாம் நியாயப்படுத்த முடியாது. ஆனால் சவுக்கடியில் நாள்தோறும் சிந்தின இரத்தத்தை யாரும் கலகம் என்று சொல்லவில்லையே! தாயிடமிருந்து பிள்ளையைப் பிடுங்கி விற்றதை வியாபாரம் என்றார்கள். யாத். 21:16 அதற்கு வேறு பேர் வைக்கிறது.

4. இடிக்க முடியாத சபை

சார்ல்ஸ்டன் விசுவாசிகள் இரகசியமாய்க் கூடினார்கள். 1865-ல் அடிமைத்தனம் ஒழிந்தபோது மறுபடியும் வெளியரங்கமாய்ச் சபை கூடி, ஆலயம் கட்டினார்கள்.

சிந்திக்க: நமக்குக் கீழே வேலை செய்கிறவரிடம் நாம் எந்த வசனத்தைச் சொல்கிறோம்? நமக்கென்று எழுதியதை வாசிக்காமல் தாண்டிப் போகிறோமா? இன்றைக்கு எபேசியர் 6:9-ஐ முழங்காலில் நின்று வாசியுங்கள். ஆமென்.